சோர்விக் வீடு

"கதவைத் திறக்காதீங்க. தாழ்ப்பாள் போட்டிருக்கீங்கல்ல? சரி. நான் லைன்லயேதான் இருக்கேன், போனை வெச்சுடாதீங்க."

லோர்னா சொல்லிக்கொண்டே இன்னொரு கையால் ஒயர்லெஸ்ஸை எடுத்தாள். மாலை நான்கு மணி. ஜன்னலுக்கு வெளியே பனிப்புயல். வடக்கு டகோட்டாவின் அந்த மூலையில் ரோடு எது, வயல் எது என்று தெரியவில்லை. அவசர அழைப்பு அறையில் அவள் ஒருத்திதான். மாவட்டம் முழுவதற்கும் அன்று பணியில் இருந்த காவலரும் ஒருவர்தான், கிரெய்க். அவர் இருபது மைல் தள்ளி, கவிழ்ந்துகிடந்த ஒரு லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

சோர்விக் வீட்டில் யாரோ கதவை உடைக்கப் பார்க்கிறான், உள்ளே ஒரு பெண் தனியாக இருக்கிறாள், அவள் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று லோர்னா அவரிடம் சொன்னாள்.

"சோர்விக் வீடுதானே? தெரியும்," என்றார் கிரெய்க். "இந்தப் பனியில முக்கால் மணி நேரம் ஆகும். வெளிய வர வேண்டாம்னு சொல்லு."

லோர்னாவுக்கும் முகவரி கேட்க வேண்டியிருக்கவில்லை. அடீல் சோர்விக் என்று பெயரைச் சொல்லும் முன்பே குரல் பிடிபட்டுவிட்டது. இருபது வருடம் அந்தப் பகுதியின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள் அடீல். பதினைந்து வருடம் வெளியூரில் இருந்துவிட்டு இரண்டு மாதம் முன்புதான் லோர்னா ஊர் திரும்பியிருந்தாள். ஆனாலும் அந்தக் குரல் மறக்குமா?

அடீலும் மறக்கவில்லை. "ஹேகன் வீட்டு லோர்னாவா? பின் சீட்டுல உக்காந்துட்டு ஆரஞ்சுத் தோலை வீசுவியே, அந்தக் கழுதையா?"

"அதே கழுதைதாம்மா."

நடந்ததை அடீல் கோவையாகவே சொன்னாள். முற்றத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. நெட்டையாக ஒருவன் இறங்கி நேராக வாசலுக்கு வந்து கைப்பிடியைத் திருகினான். தோளால் முட்டினான். அங்கெல்லாம் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. காற்று தள்ளுகிறதே என்று அன்று அவள் தாழ்ப்பாள் போட்டது நல்லதாகப் போயிற்று. அவன் இப்போது பின்பக்கம் போயிருக்கிறான். மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போன கணவர் ஐனாரை இன்னும் காணோம். எல்லார் வீட்டிலும் போலச் சமையலறைக் கதவுக்கு மேலே துப்பாக்கி தொங்கியது. எடுத்து ரவை போட்டு மடியில் வைத்திருக்கிறாள். ஒரு டீயாவது போடலாம் என்றால் கெட்டிலை வைத்த இடத்தில் காணவில்லை என்றும் நடுவில் அலுத்துக்கொண்டாள்.

பயத்தில் மனிதர்கள் இப்படித்தான் எதையாவது பேசுவார்கள். பேசட்டும் என்று லோர்னா விட்டுவிட்டாள். பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் விரல் விசைக்குப் போகாது.

அவளுக்கு எதிரே சுவரில் ஒரு விதி ஒட்டியிருந்தது. அழைப்பவர் கையில் துப்பாக்கி இருந்தால் சுடு என்றும் சொல்லக் கூடாது, சுடாதே என்றும் சொல்லக் கூடாது.

போனில் கதவு அதிரும் சத்தம் கேட்டது.

"ஏதோ கத்தறான்," என்றாள் அடீல். கொஞ்சம் பொறுத்து, "உள்ள யாருன்னு என்னைக் கேக்கறான் லோர்னா. திமிரைப் பாரு."

"பதில் சொல்லாதீங்கம்மா. நீங்க எந்த ரூம்ல இருக்கீங்கன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்."

அடீல் அவனுக்குக் குரல் கொடுக்கவில்லை. கிரெய்க் இன்னும் இருபது நிமிடம் என்றார். அவர் சொல்லி முடிக்கும்போது போனில் கண்ணாடி நொறுங்கியது.

அடீலின் குரல் சிறுத்துவிட்டது. "கையை உள்ள விட்டுத் தாழ்ப்பாளைத் தேடறான். நான் என்ன செய்யட்டும் பொண்ணே? கோழி பிடிக்க வர்ற நரியைத் தவிர நான் எதையும் சுட்டதில்ல."

லோர்னா சுவரைப் பார்த்தாள். இதே மாதிரி ஒரு புயலில், ஏழு வயதில், பேருந்திலிருந்து வீட்டு வாசல் வரை இந்தப் பெண்மணி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"அது உங்க வீடும்மா," என்றாள். "அவன் உள்ள கால் வெச்சா, நீங்க என்ன செஞ்சாலும் யாரும் உங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

வெடிச்சத்தம் ஒன்றுதான். பிறகு காற்று மட்டும் இரைந்தது. லோர்னா மூன்று முறை கூப்பிட்டாள். நாலாவது முறைக்கு அடீல் வந்தாள்.

"விழுந்துட்டான். அசையல. முப்பது வயசுகூட இருக்காது போல."

துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னாள் லோர்னா. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை என்று இரண்டு தடவை சொன்னாள். ஆம்புலன்ஸை அனுப்பினாள், கிரெய்க்கிடம் சொன்னாள். ஒரு கிழவியை உயிரோடு காப்பாற்றியாகிவிட்டது.

அடுத்த லைன் அடித்தது. டவுனில் இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பணிப்பெண். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அம்மாவைக் காணவில்லை, பால் வண்டிக்காரன் ஏற்றிக்கொண்டு போய் எங்கேயோ இறக்கிவிட்டிருக்கிறான், அவளுக்கு ஞாபகம் எல்லாம் கலங்கிப் போயிருக்கிறது என்றாள்.

பேனாவை எடுத்துக்கொண்டு லோர்னா பெயர் கேட்டாள்.

"அடீல் சோர்விக். பழைய வீட்டுக்குத்தான் போயிருப்பாங்க. ஊர்ல எல்லாரும் இன்னும் சோர்விக் வீடுன்னுதான் சொல்றாங்க, ஆனா அதைப் போன வருஷமே வித்தாச்சு. வாங்கினது ஒரு சின்ன வயசுத் தம்பதி, அந்தப் பையன் வேலை முடிஞ்சு வர்ற நேரம் இது. தன் வீட்டுக்குள்ள திடீர்னு ஒரு பாட்டியைப் பாத்தா பயந்துடுவான், கொஞ்சம் போன் பண்ணிச் சொல்லிடறீங்களா?"