கீலுக்கு ஓய்வு

தணிகாசலத்தின் முழங்கால் மூட்டும் அவர் வீட்டு வாசற்கதவின் கீலும் ஒரே சமயத்தில் கிறீச்சிட ஆரம்பித்தன. மூட்டுக்குத் தைலமும் இறுக்கிக் கட்டத் துணிப்பட்டையும் கிடைத்தன. கீலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

"உனக்கு மட்டும் எப்படிடா இந்தக் கவனிப்பு?" என்று கேட்டது கீல்.

"வலிச்சா 'அம்மா'ன்னு கத்தணும். சும்மா கிறீச்சுன்னா யாருக்குப் புரியும்?" என்றது மூட்டு.

மறுநாள் கதவைத் திறந்ததும் கீல், "அம்மா!" என்றது. தணிகாசலம் பதறிப்போய்க் கதவைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனார்.

"தேய்மானம். இனிமேல் திறந்து மூடவே கூடாது" என்றார் டாக்டர்.

கதவைத் திரும்ப மாட்டிச் சாத்தியாயிற்று. தணிகாசலம் ஜன்னல் கம்பிகளை அறுத்துவிட்டு அந்த வழியாகப் போய்வந்தார்.

"ஏறி இறங்கியே செத்துருவேன்பா. ஒருதரம் திறயேன்" என்று மூட்டு கெஞ்சியது.

"டாக்டர் பேச்சை மீறலாமா?" என்றது கீல்.

மூட்டு பூசணிக்காய் போல வீங்கியது. அதைப் பார்க்க டாக்டரே வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டக் கையை உயர்த்தினார்.

"தட்டாதீங்க டாக்டர்" என்று தணிகாசலம் ஜன்னலிலிருந்து கிசுகிசுத்தார். "கீல் இப்பத்தான் கண்ணசந்திருக்கு."

டாக்டர் தலையாட்டிவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.