பாட்டிலில் குமிழி
மூன்றாவது தடவையாக பாஸ்கல் அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரேக்கை மிதித்தால் மறுபடியும் பஞ்சுபோல் இறங்குகிறதாம். இருபத்தெட்டு வருஷ மெக்கானிக் நான். பிரேக் லைனில் காற்றெடுக்கத் தெரியாதா எனக்கு?

“நீயே பாருலே!” என்று பின்சக்கரத்தில் காற்றை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, அதில் மாட்டிய குழாயை ஆயில் பாட்டிலுக்குள் விட்டேன். பெடலை மிதித்தால்தான் குமிழி வரும். மிதிக்கச் சொல்வதற்கு முன்பே வந்தது.

“ஏலே, அதுக்குள்ள ஏன் மிதிக்க?”

“நான் இங்கன நிக்கேன் அண்ணாச்சி.”

என் முதுகுக்குப் பின்னால் நின்றான். சீட்டில் யாருமில்லை. சீராக, மூச்சு விடுகிற கணக்கில், குமிழி வந்துகொண்டிருந்தது.

கார் அவன் அண்ணன் ஃபிராங்க்ளினுடையது. போன மாதம் சங்கு குளிக்க இறங்கி, மேலே வராதவன். கீழே இருப்பவன் மூச்சுவிடுகிறான் என்பதற்குக் கடலில் குமிழிதான் அடையாளம். படகில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் பாஸ்கல்.

நிப்பிளை மூடப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மூடாதீங்க! அன்னைக்கும் குமிழி வந்துட்டேதான் இருந்துச்சு. தேடுனது போதும்னு மத்தவனுவ படகைத் திருப்பிட்டானுவ.”

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். இருவரும் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த குமிழி வரத் தாமதமானது.