கப்பல் வரும் பாட்டு

கால்மணி நேரம் ஓடும் இத்தாலிய ராக் பாட்டு கோச்சடை வீட்டை அதிரவைத்தது. கிடாருக்குத் தலையாட்டியபடியே மின்ஹாஜ் மனைவிக்கு அர்த்தம் சொன்னார்.

"கப்பல் புயல்ல மாட்டிருச்சு மெஹரு. அந்தா, பாய்மரம் ஒடியுது."

"அடப்பாவமே, அப்புறம்?" என்றாள் மெஹருன்னிசா.

விருந்துக்கு வந்திருந்த புது மருமகன் அசாருதீன் இத்தாலியில் வேலை பார்ப்பவன். "நல்ல பாட்டு மாமா. ஆனா இதுல கப்பல்..." என்று இழுத்தான்.

மின்ஹாஜின் தலையாட்டல் நின்றுபோனது.

மெஹருன்னிசா சட்டென எழுந்து மருமகனை அடுப்படிக்கு அழைத்துப்போனாள்.

"அவருக்கு அந்தப் பாஷையில ஒரு வார்த்தை தெரியாது மாப்ள. நேத்து இதே பாட்டுல யானை வந்துச்சு. நாளைக்கு என்ன வரும்னு நான் காத்துக்கிட்டு இருக்கேன், கெடுத்துராதீங்க."

அசாருதீன் கூடத்துக்குத் திரும்பி மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கப்பல் கரை சேந்துச்சா மாமா?"