தட்டு வெளிச்சம்

ஊருக்குப் பின்னாலிருந்த கரட்டு மலையில் பூரணியும் அவள் கணவர் தணிகாசலமும் ஞாயிறு தவறாமல் ஏறுவார்கள். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆன பிறகு அவள் மட்டும் ஏறினாள். உச்சிப்பாறையில் நின்று டிபன் டப்பா மூடியை வெயிலில் சாய்ப்பாள். கீழே வீட்டு மொட்டைமாடியிலிருந்து அவர் சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துப் பதில் வெளிச்சம் அடிப்பார்.

அன்று பங்குனிக் காலை. வழியெல்லாம் புங்கம்பூ உதிர்ந்து கிடந்தது. பூரணி மூடியைச் சாய்த்தாள். மொட்டைமாடியில் ஒன்றும் மின்னவில்லை. மறுபடியும் சாய்த்தாள். போன் அடித்தாள், மணி ஒலித்து ஓய்ந்தது. மூடியைப் பாறையிலேயே போட்டுவிட்டு விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள்.

பாதி மலையில், சுனைக்குப் பக்கத்தில், முகத்தில் பளீரென்று வெளிச்சம் அடித்தது. கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தாள். வியர்த்து வழிய, மடியில் தட்டுடன் உட்கார்ந்திருந்தார் தணிகாசலம்.

“டாக்டர் பாதி மலை ஏறலாம்னுட்டார். சொன்னா நீ விடமாட்டே.”

“போன் எங்கங்க?”

“வீட்டுல. தட்டை மறக்காம எடுத்துட்டேன். இங்கேருந்து எத்தனை தடவை அடிச்சேன், நீ வீட்டையே பாத்துட்டு நிக்கிறே!”

அவள் தொப்பென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய் நிறையத் திட்டு இருந்தது, மூச்சுத்தான் வந்தது.

“மூடி எங்க?” என்றார் அவர்.

அவள் மேலே கைகாட்டினாள். உச்சிப்பாறையில் அது தன்பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. அவர் தட்டைத் தூக்கி, அதற்கும் ஒரு பதில் அடித்தார்.