ஊட்டுக்கு வாங்க

சிங்கப்பூரில் போர் வீரர்களின் கல்லறைகளைப் பார்க்கப் போனபோது, பெயர் பொறிக்காத ஒரு கல்லின் முன் கெஸியா நின்றாள். யாரிடம் விடைபெற்றாலும் சொல்வதைப் பழக்கத்தில் அங்கேயும் சொன்னாள்.

"அருவங்காடு வந்தா ஊட்டுக்கு வாங்க, தம்பி."

"செத்தவனையும் விருந்துக்குக் கூப்பிடுற ஒரே ஆளு நீதான்" என்று கணவர் பிராங்ளின் சிரித்தார்.

மதியம் தாவரவியல் பூங்கா உணவகத்தில் மூன்று தட்டுகள் வைத்தார்கள். இரண்டு பேர்தான் என்று பிராங்ளின் சொன்னதும், பரிமாறிய பெண் அவர்களுக்குப் பின்னால் பார்த்துவிட்டு ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு கெஸியா திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே நடந்தாள்.

ஊர் திரும்பும் விமானத்தில் இரண்டு தட்டுகள்தான் வந்தன. அப்போதுதான் அவளுக்குப் பயம் தணிந்தது.

மறுநாள் மாலை அருவங்காடு வந்து சேர்ந்தார்கள். கைக்குழந்தையோடு வீட்டில் தனியாக இருந்த மகள் ஈவ்லின் கதவைத் திறந்தாள்.

"நீங்க கூப்பிட்டீங்கன்னு ஒருத்தரு நேத்தே வந்துட்டாரும்மா. பேரு கேட்டா சிரிக்கறாரு. பாப்பாவ அவருதான் வெச்சிருக்காரு. காலையிலிருந்து அழவே இல்ல. பாலுகூடக் கேக்கல."

கெஸியா செருப்போடு உள்ளே ஓடினாள். படுக்கையறைக் கதவு உட்பக்கமாகத் தாழிட்டிருந்தது.