நாற்பத்தோராவது எபிசோட்

டிலக்சனா இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டதை அவளுடைய கணவன் பெனடிக்ற் கண்ணாரக் கண்டான்.

முன்னறையில் அவளுடைய அம்மா மரியநாயகி தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக டிவிக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை, படம் வருகுதில்லை. சும்மா வட்டம் சுத்திக்கொண்டு நிக்குது. இண்டைக்கு நாப்பத்தொண்டாவது எபிசோட் எல்லோ!"

"லைன் கட் அம்மா. ரோட்டிலை வேலை செய்யிறாங்கள். நாளைக்குத்தான் வருமாம்."

பச்சைப் பொய். அவர்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த குட்மேய்ஸில், அவர்களுடைய தெருவில் அன்றைக்கு ஒருவரும் வேலை செய்யவில்லை.

அது ஒரு சீனச் சரித்திர யுத்தத் தொடர். எபிசோடுக்கு இரண்டு சண்டை நிச்சயம். டப்பிங் புண்ணியத்தில் சீனத் தளபதிகள் எல்லோரும் "ஆமா மன்னா, இதோ வர்றேன் மன்னா" என்று இந்தியத் தமிழ் பேசுவார்கள். அதில் லியாங் என்று ஓர் இளம் சிப்பாய். எல்லைச் சண்டைக்குப் போனவன் பத்து எபிசோடாகத் திரும்பி வரவில்லை. அவனுடைய தாய் கோட்டை வாசலில் காத்திருக்கிறாள். மரியநாயகியும் நாளுக்கு ஒரு எபிசோடாக அவளோடு சேர்ந்து காத்திருந்தார்.

"அந்தப் பெடியன் வருவான் பிள்ளை. செத்த உடம்பைக் காட்டினவங்களே? காட்டேல்லை. அப்ப உயிரோடை இருக்கிறான்."

"ஓம் அம்மா, வருவான்," என்றபடி டிலக்சனா வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டினாள்.

பெனடிக்றுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அவனுக்கு லீவு. நடைக்கு வந்து மனைவியை மறித்தான்.

"நீர் செய்யிறது நியாயமே? மனிசி பகல் முழுக்கத் தனிய இருக்குது. அந்த ஒரு மணித்தியாலம்தான் அவவுக்குச் சந்தோசம். அதையும் பிடுங்கிக்கொண்டு போறீர்!"

"மெதுவாக் கதையுங்கோ." அவள் முன்னறையை எட்டிப் பார்த்தாள். "எல்லா எபிசோடும் இன்டர்நெட்டிலை கிடக்கு, இண்டைக்கானதை நான் நேற்றே போனிலை பாத்திட்டன். அந்தப் பெடியன் செத்துப்போனான். மாட்டு வண்டிலிலை கொண்டுவந்து தாய்க்கு முன்னாலை இறக்கிறாங்கள்."

டிலக்சனாவின் அண்ணன் டெனுசன் வன்னிச் சண்டையின் கடைசிக் கிழமையில் காணாமல் போனவன். பதினாறு வருடமாயிற்று. அவனுடைய உடம்பையும் யாரும் காட்டவில்லை.

"அண்ணை இல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும். ஆனால் அம்மா, அவன் வருவான் எண்ட நினைப்பிலைதான் ஒரு வாய் சாப்பிடுறா. இதைப் பாத்தா அந்த இடத்திலேயே விழுந்திடுவா. ரெண்டு மணிக்கு நான் வந்திடுவன். அதுவரைக்கும் அவவை வெளியிலை விடாதேங்கோ. பக்கத்து வீட்டு றொசாந்தி அக்காவும் இந்த நாடகம்தான் பாக்கிறவ."

அவள் போய்விட்டாள். மாமிக்கு ஏற்கெனவே பிரஷர். ஏதும் நடந்துவிட்டால் டிலக்சனா முகத்தில் எப்படி முழிப்பது?

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மரியநாயகி கோட்டும் ஸ்கார்ஃபுமாக வந்து நின்றார்.

"எங்கை மாமி?"

"றொசாந்தி வீட்டை, தம்பி."

பெனடிக்ற் பாய்ந்து போய் வாசல் கதவில் முதுகை வைத்து நின்றான்.

"மழை வரப்போகுது மாமி."

"வெயில் எறிக்குது."

"கால் நோகுதெண்டு சொன்னீங்கள்."

"அது போன மாசம்."

"ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு..."

"இப்பத்தானே குடிச்சனான்."

அவன் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான். மரியநாயகி ஸ்கார்ஃபைச் சரிசெய்தார்.

"கதவை விடுங்கோ தம்பி. அந்தப் பெடியன் செத்தது எனக்குத் தெரியும்."

"மாமி..."

"போன கிழமையே றொசாந்தி வீட்டிலை பாத்திட்டன். வண்டிலிலை கொண்டுவந்து இறக்கினவங்கள்."

அவன் பயந்துபோய் அவருடைய முகத்தைப் பார்த்தான். விழுகிறவர்போல அவர் இல்லை.

"பிறகேன் மாமி, காலமை அவன் வருவான் எண்டு சொன்னனீங்கள்?"

மரியநாயகி கோட்டுப் பைக்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். நவம்பர் மாதம் செத்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் பூசையில் வாசிப்பதற்குக் கத்தோலிக்கக் கோயில்களில் பேர் எழுதி வாங்குவார்கள். அந்தக் கடதாசி. அதில் ஒரேயொரு பேர் இருந்தது. டெனுசன்.

"ஏழு வருசமாக் குடுத்துக்கொண்டு வாறன். றொசாந்திதான் என்னைப் பஸ்ஸிலை மனோர் பார்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறவள். பேர் குடுக்க இண்டைக்குத்தான் கடைசி நாள்."

பெனடிக்ற் கதவை விட்டு விலகிக் கார்ச் சாவியை எடுத்தான்.

"பஸ்ஸிலை ஏன் மாமி அலையிறீங்கள்? எங்கடை கோயில் அஞ்சு நிமிசம்தானே. அங்கையே குடுப்பம், வாங்கோ."

"ஐயோ, அங்கை வேண்டாம்." மரியநாயகி பதறிப்போய் அவனுடைய கையைப் பிடித்தார். "அங்கை வாசிச்சால் டிலக்சனாக்குக் கேக்குமெல்லோ. பாவம் தம்பி, அவள் இன்னும் தமையன் வருவான் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறாள்."