கிரில்லின் பின்பக்கம்

"இன்னைக்கு வண்டியோட முன் கிரில்லை மாத்தப் போறேன். நானே, வீட்டுலயே" என்று கணவன் சொன்னதும் அவள் அவன் பின்னாலேயே கார் ஷெட்டுக்கு ஓடினாள்.

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை அவள் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "உனக்கு நிதானம் பத்தாது" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி, சாவியை அலமாரியில் வைத்துவிட்டான் கணவன்.

போன மாதம் அவன் வெளியூர் போயிருந்தபோது, சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தாள். ஊரெல்லாம் ஒழுங்காக ஓட்டியவள், கார் ஷெட்டில் நிறுத்தும்போது சுவரில் நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை மறந்துவிட்டாள். கார் மூக்கில் ஜன்னல் கம்பி மாதிரி இருக்கும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கிரில்லின் இடது பக்கத்தில் இரண்டு பட்டைகள் படக்கென்று போயின.

பசை போட்டு ஒட்டி, வெளுத்துத் தெரிந்த இடத்தில் ஐப்ரோ பென்சிலால் தீட்டிவிட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் இடுக்கில் விரலை விட்டுத் தடவினால், பின்பக்கம் பசை வழிந்து கட்டிகட்டியாக நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டான் என்றால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதை ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். சாவியையும் மறந்துவிட வேண்டியதுதான்.

"நல்லாத்தானே இருக்கு, எதுக்குங்க மாத்தறீங்க?"

"டிசைன் பழசாயிடுச்சு."

ஷெட் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். டிரைவிங் லைசென்சுக்கு டெஸ்ட் வைக்கும் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்பத்தில் லேசாக உரசினாலும் ஃபெயில் போட்ட கறார் பேர்வழி.

"அவ சொல்றது சரிதான்டா. நல்லா இருக்கிறதை எதுக்குக் கழட்டற? விட்டுத் தொலை."

மாமனார் தன் கட்சி பேசுவது இந்தப் பத்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கணவன் கேட்கவில்லை. போனில் வீடியோ ஒன்றைப் போட்டுப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். "பதினஞ்சே நிமிஷ வேலை."

வீடியோக்காரனுக்குப் பதினைந்து நிமிஷம். இவனுக்கு பானெட் ஓரத்து பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பிடுங்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் மூன்று தெறித்துப் போய் இன்றுவரை கிடைக்கவில்லை. சக்கரத்துப் பக்கம் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்ற மல்லாந்து படுத்து முக்கினான், முனகினான். கடைசியில் அவனும் அவளுமாகப் பம்பரை இழுத்து, விரித்திருந்த போர்வையில் வைத்தார்கள். கிரில்லும் அதோடு சேர்ந்தே வந்தது. இனி குப்புறப் போட்டு, பின்பக்கக் கொக்கிகளை நெம்பினால் கிரில் தனியாகக் கையோடு வந்துவிடும்.

"நீங்க போய்க் கை கழுவிட்டு வாங்க. கொக்கியை நான் எடுத்து வைக்கிறேன்."

"வேணாம் வேணாம். நீ போய் டீ போடு."

"டீ அப்புறம் போட்டுக்கலாம். இது சின்ன வேலைதானே."

"உனக்கு நிதானம் பத்தாது."

மாமனார் எழுந்தே விட்டார். "ரெண்டு பேரும் உள்ள போய் டீ குடிங்க. நான் கழட்டி வைக்கிறேன்."

செருப்பு மாட்டவே குனிய யோசிக்கிறவர் அவர். வயசான காலத்தில் இவ்வளவு பாசமா என்று அவளுக்கு மனசு இளகிப் போயிற்று. ஆனால் டீ என்றால் அந்த வீட்டில் அவள்தான். போனாள்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் கவனிக்கவில்லை.

டீயோடு திரும்பி வந்தபோது, புது கிரில் பம்பரில் பொருந்தியிருந்தது. பழையதை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தானா, பார்க்கவில்லையா?

பம்பரை மாட்டி முடித்ததும் அவள் மூட்டையைத் தூக்கினாள். "இதைக் குப்பையில போட்டுட்டு வந்துடறேன்."

அவன் மறுமுனையைப் பிடித்தான். "நான் போடறேன். உனக்குக் கனமா இருக்கும்."

"என்ன பெரிய கனம், விடுங்க."

"நீ விடு."

முடிச்சு அவிழ்ந்தது. கிரில் தரையில் குப்புற விழுந்தது.

இடது பக்கம் அவளுடைய பசைக் கட்டி. வலது பக்கம் அதைவிடப் பழைய, பழுப்பேறிய இன்னொரு பசைக் கட்டி, அதன்மேல் கறுப்புப் பெயின்ட் வேறு.

அவள் வலது பக்கத்தையே பார்த்தாள். அவன் ஷெட் கூரையைப் பார்த்தான்.

"இது எப்போ?"

"வண்டி வாங்கின மூணாம் நாள்" என்றான் ஈனஸ்வரத்தில். "அந்தப் பாழாப்போன குழாய்தான். இப்ப பசை விட்டுப்போய், ஓட்டும்போது கடகடங்குது."

"ஆனா எனக்குத்தான் நிதானம் பத்தாது."

"இடது பக்கம் நீதான்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. கேட்டா, வலது பக்கம் யாருன்னு நீ கேட்பியே."

கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

"சாவி இனிமே வெளியில, ஆணியில தொங்கணும்" என்றாள்.

"சரி, தொங்கட்டும். ஆனா நடுவுல நீ ஒட்டியிருக்கிறதுதான் கொடுமை. பசை தீர்ந்துடுச்சுன்னா, காயத்துக்குப் போடற பிளாஸ்திரியைப் போயா ஒட்டறது?"

"நடுவுல நான் ஒட்டலையே. அதுவும் நீங்கதானே?"

"நான் ஒரு தடவைதான் இடிச்சேன்."

"நானும் ஒரு தடவைதாங்க."

இருவரும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமனார் பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பசையைத் தேடி எடுக்கறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சினிமா பாதியில எழுந்து வந்துட்டீங்க. நான் வேற என்ன பண்றது?"